வலது தோளில் ஓர் இரும்புச் சேலை

என் சேலையின் கொய்யக மடிப்புகளை முழங்காலில் நின்று எண்ணிய ஒரே மனிதர் ஒடீல்தான்.

லண்டனில், ரயில் பாலத்தின் வளைவு ஒன்றுக்குள் இருந்தது அவருடைய பட்டறை. தை மாதக் குளிர். தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் சுவரில் தொங்கிய தகரக் கத்தரிகள் மெல்ல ஆடின. கடும் பச்சைப் பருத்திச் சேலை கட்டி, மேலே இடுப்புவரை வரும் தடித்த கோட்டை இறுக மூடிக்கொண்டு, ஒரு மரப்பெட்டியின்மேல் நான் நின்றேன்.

ஒடீல் ஒரு பிரெஞ்சுப் பெண். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். இரும்பில் சிற்பம் செய்பவர். வெள்ளைச் சோக் படிந்த விரலால் என் சேலையின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தன் பாஷையில் எண்ணிக்கொண்டு போனவர், கடைசிக்கு முந்திய மடிப்பில் நின்றார்.

“இது மட்டும் மற்றவற்றைவிட ஒல்லி. ஏன்?”

“அவசரத்தில் கட்டினேன். மன்னிக்க வேண்டும். திரும்பக் கட்டட்டுமா?”

“வேண்டாம். பஸ்ஸுக்கு ஓடுகிறவள் அவசரமாகத்தான் கட்டியிருப்பாள்.”

அந்த ஒல்லி மடிப்பைத் தரையில் சோக்கால் வரைந்து, பக்கத்தில் ஒரு குறி போட்டார். பிழையைக் கண்டு ஒருவர் இவ்வளவு சந்தோசப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோட்டைக் கழற்றும்படி அவர் கேட்கவில்லை. நான் நடுங்கியது அவருக்குத் தெரிந்தது. “இன்றைக்குக் கீழ்ப்பாதி போதும். மேல்பாதியை அடுத்த முறை பார்ப்போம்” என்றார். பின்னால் நடந்த அவ்வளவு வினையும் கழற்றாத அந்தக் கோட்டில்தான் தொடங்கியது.

பனியில் விறைத்த உடுப்பு

ஒடீலைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அப்படி நின்றபடி கேட்டவை. வேலை செய்யும்போது அவர் அதிகம் பேசமாட்டார். தேநீர் குடிக்கும்போது ஒரு துண்டு சொல்வார். கோப்பை முடிந்தால் கதையும் முடிந்துவிடும்.

பிரான்சின் மேற்குக் கரையில், கப்பல் கட்டும் ஊர் ஒன்றில் பிறந்தவர். தகப்பனார் கப்பலின் வயிற்றுக்கு இரும்புத் தகடு வளைக்கும் தொழிலாளி. தாயார் வீட்டிலிருந்து தொழிலாளரின் நீல உடுப்புகளைத் தோய்த்துக் கொடுப்பவர். தீப்பொறி பட்டு அந்த உடுப்புகளில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்குமாம்.

“மாரிக் குளிரில் கொடியில் போட்டால் விறைத்துவிடும். ஒருநாள் அப்பாவின் உடுப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தேன். விழவில்லை. தானாக நின்றது. உள்ளே அப்பா இல்லை. ஆனால் அப்பாதான்.”

அப்போது அவருக்கு ஏழு வயதோ எட்டு வயதோ. வெயில் வந்ததும் உடுப்பு மெல்ல முழங்கால் மடங்கிக் கீழே இருந்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது தன் முழங்காலையும் கொஞ்சம் மடித்துக் காட்டினார்.

கப்பல் தளத்தில் தொழில் பழகக் கேட்டபோது பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார்களாம். வேறொரு ஊரில் வாசல் கேற் செய்யும் பட்டறையில் பழகினார். பிறகு பாரிசில் ஓவியக் கல்லூரி. அங்கே எல்லாரும் வெண்கலத்தை உருக்கி ஊற்றச் சொன்னார்கள். இரண்டாம் வருடம் விட்டுவிட்டார்.

“ஊற்றுவதற்கு இன்னும் நாலு பேருடைய கை வேண்டும். மடிப்பதற்கு என் கை போதும்” என்றார். ஒரு கண்காட்சிக்காக இரண்டு மாதம் என்று லண்டனுக்கு வந்தவர், போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. ஊரைவிட்டு வந்த எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் எங்களுக்கும் ஒழுங்கான பதில் இல்லை.

அன்றிலிருந்து அவர் செய்வது ஒன்றுதான். இரும்பில் துணி. ஏப்ரன்கள் ஏழு, சுவரில் வரிசையாக. கடற்கரை ஊர் ஒன்றில் கொடியில் காயும் படுக்கை விரிப்பு. அதன்மேல் கடற்பறவைகள் வந்து குந்துகின்றன. ஆஸ்பத்திரி நடைபாதை ஒன்றில் கதிரையின் முதுகில் கொழுவிய ஒரு கோட். அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் யாரும் இருப்பதில்லையாம், ஆள் இப்போது திரும்பி வந்துவிடும் என்று.

படங்களைத்தான் பார்த்தேன். ஆனால் படத்திலேயே அந்தக் கோட்டின் இடது பை கொஞ்சம் தொங்கியது தெரிந்தது. அந்தப் பைக்குள் எப்போதும் எதையோ போட்டுவைக்கும் ஒரு மனிதர் எனக்குத் தெரிந்தவர்போல இருந்தார்.

மடித்ததை நிமிர்த்துவதில்லை

அவருடைய வேலைமுறையைச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது.

இரும்பைச் சூடாக்கி இளக்கி வளைக்கமாட்டார். சூடாக்கினால் மடிப்பு அழகாக வருமாம், ஆனால் துணி அப்படி அழகாக விழுவதில்லையாம். தகட்டைக் கவ்வியில் இறுக்கி, தோல் சுற்றிய மரச் சுத்தியலால் குளிர்ந்தபடியே தட்டித் தட்டி மடிப்பார். துண்டுகளைப் பொருத்த மட்டும்தான் வெல்டிங்.

மடித்த ஒன்று பிழையாகிவிட்டால் அதை நிமிர்த்தித் திருத்தமாட்டார். “நிமிர்த்தலாம். ஆனால் அந்த இடம் அதை மறக்காது. எப்போதோ ஒருநாள் அங்கேதான் வெடிக்கும்.” பிழையானது எல்லாம் பட்டறையின் பின்மூலைக் குவியலுக்குப் போகும். முதல்நாள் அந்தக் குவியலைப் பார்த்தபோது என் இடுப்பளவு உயரம் இருந்தது.

நூலக அறிவித்தல்

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன்? மகள் ஆதிரைக்கு அப்போது இரண்டரை வயது. ஈஸ்ட் ஹாம் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குக் கூட்டிப்போவேன். எங்கள் வீடு குட்மேய்ஸில். அங்கேயே ஒரு வகுப்பு இருக்கிறது. இது நல்லதா அது நல்லதா என்று தெரியாமல் இரண்டுக்கும் போய்வந்தேன்.

அங்கே ஓர் அறிவித்தல். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து மூலையில் ஒரு சிற்பம் வைக்கப்போகிறார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒரு சேலை. ஆளில்லாத சேலை. அதற்கு, அடிக்கடி சேலை கட்டுகிற, நெடுநேரம் பொறுமையாக நிற்கக்கூடிய ஒருவர் தேவை.

இரண்டில் இரண்டாவது தகுதிதான் என்னிடம் இருந்தது.

கணவர் சுதனுக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நீர் சாறி கட்டினது கடைசியா எப்ப?”

“உங்கடை தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு.”

“அது நடந்து அவளுக்கு இப்ப பிள்ளை நடக்குது.”

“அப்ப போகவேண்டாமோ?”

“போகவேண்டாம் எண்டு ஆர் சொன்னது? போம். தலையில்லாத சிலை எண்டால் எனக்கும் நிம்மதி. ஆரெண்டு சனத்துக்குத் தெரியாது.”

முதல் நாள் அவருக்குக் காலை ஷிப்ட். ஆதிரையையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. இரும்புத் தூள், கூரான துண்டுகள், தீப்பொறி என்று வழிநெடுக யோசித்து, வாசலில் போய் நின்று, “நாங்கள் இன்னொரு நாள் வருகிறோம்” என்றேன். ஒடீல் உள்ளே போய், தடியில் கட்டிய பெரிய காந்தம் ஒன்றை எடுத்துவந்தார். முழுத் தரையையும் மூலை மூலையாகக் காந்தத்தால் தடவினார். அதில் ஒட்டிய தூளைக் காகிதத்தில் தட்டி என்னிடம் காட்டினார். பிறகு இன்னொரு தடவை முழுவதும் தடவினார். இரண்டாம் முறை காந்தம் வெறுமையாக வந்தது.

“இப்போது?” என்றார்.

பிள்ளையை இறக்கிவிட்டேன். லண்டனில் நான் பிள்ளையை யோசிக்காமல் இறக்கிவிட்ட இடங்கள் மிகக் குறைவு.

அலுமாரிக் கண்ணாடி

ஆதிரைக்குக் கொப்பளிப்பான் என்கிற அம்மை வந்த கதையை இந்தப் பத்தியில் போன கிழமை எழுதியிருந்தேன். அது வந்தது, கீழ்ப்பாதி முடிந்து மேல்பாதிக்கு நான் போயிருக்க வேண்டிய அதே கிழமையில்.

மூன்று கிழமை வெளியே போக ஏலாது. வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பிள்ளை நித்திரையான ஒரு மத்தியானம் அதே பச்சைச் சேலையைக் கட்டி, படுக்கையறை அலுமாரியின் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தொலைபேசியால் படம் எடுத்தேன். முன்னால், பக்கவாட்டில், திரும்பி நின்று முதுகுப்புறம், தோளில் மடிப்பு, முதுகில் விழும் தலைப்பு. முப்பது படம் இருக்கும். வெளிச்சம் போதாதோ என்று அடுத்தநாள் இன்னொரு முப்பது.

“மிக நன்று. இதற்குமேல் என்ன வேண்டும்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அன்று மட்டும் நாலு தடவை வாசித்தேன்.

எந்தத் தோள்?

மாசி முடியும் நேரம், ஒரு புதன்கிழமை, பார்க்க வரச்சொன்னார். சிற்பம் நிறுத்தும் நாளுக்கு இன்னும் பதினொரு நாள்.

பட்டறையின் நடுவே அது நின்றது. ஆளுயரத்தைவிட ஒரு முழம் கூட. உள்ளே யாரும் இல்லை. ஆனால் இடுப்பில் செருகிய இடத்தில் துணி கொஞ்சம் பிதுங்கியது. கொய்யகம் காலடியில் தரையைத் தொடாமல் தொட்டது. பஸ்ஸை எட்டிப்பார்ப்பதுபோல ஒரு பக்கம் பாரம் சாய்ந்திருந்தது. இந்த வகை இரும்பில் மேலே துருவாகக் கறள் பிடித்தபின் அந்தக் கறளே உள்ளே இருப்பதைக் காக்கும். உப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, செம்மண் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

எனக்குக் கண் கலங்கியது. அதே நேரம் எங்கோ ஒரு சின்ன இடறல். என்னவென்று தெரியவில்லை. செருப்பை மாற்றிப் போட்டால் காலுக்குத் தெரியுமே, அப்படி.

“ஏதாவது பிழையா?” என்று ஒடீல் கேட்டார்.

“இல்லை, இல்லை. மிக அழகு” என்றேன்.

ரயிலில் வரும்போதுதான் பிடிபட்டது. தலைப்பு வலது தோளில் கிடந்தது.

உடனே அடுத்த யோசனை, அப்படியானால் நான் கட்டுவது எந்தத் தோளில்? பதினாறு வயதிலிருந்து கட்டுகிறேன். இருந்தும் ரயிலுக்குள் இருந்து ஒரு தோளைத் தொட்டேன், மற்றத் தோளைத் தொட்டேன். முன்னால் இருந்த வெள்ளைக்காரர் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சுதனைக் கேட்டேன்.

“இஞ்சாருங்கோ, சாறித் தலைப்பு எந்தத் தோளிலை வரும்?”

“இதென்ன கேள்வி? என்னைக் கேக்கிறீர்?”

“சொல்லுங்கோவன்.”

அவர் ஆதிரையைத் தூக்கி வைத்தபடி யோசித்தார். பிறகு போய்க் கலியாண அல்பத்தை எடுத்துவந்து விரித்தார். “இந்தா. இடது. நான் நிண்டது உம்மடை வலப்பக்கம், அதுதான் தலைப்புக் கசங்காமல் இருக்கு.”

தொலைபேசியில் நான் அனுப்பிய படங்களைத் திறந்தேன். எனக்குப் பின்னால் சுவரில் ஈஸ்ட் ஹாம் மளிகைக்கடை கொடுத்த நாட்காட்டி. அதில் எழுத்தெல்லாம் தலைகீழ் இல்லை, இடம்வலம் மாறி இருந்தது. கண்ணாடி. அறுபது படத்திலும் கண்ணாடி. நேரில் நின்றபோதெல்லாம் மேலே கோட். ஒடீல் என் தோளைக் கண்டதே இல்லை.

நாலு நாள்

“விடும்” என்றார் சுதன். “ஆரும் கேட்டால் குஜராத்திக்காறி எண்டு சொல்லுவம்.”

“குஜராத்திக்காறருக்குத் தலைப்பு முன்னுக்கு வரும். இது முதுகிலை எல்லோ கிடக்குது.”

“அப்ப ஆருக்கும் இல்லாத சாறி.”

சிரித்துவிட்டுச் சொன்னார். ஆனால் அதுதான் என் நெஞ்சில் போய் நின்றது. ஆருக்கும் இல்லாத சேலை. அந்தத் தெருவில் பஸ்ஸுக்கு நிற்கிற அவ்வளவு பெண்களும், நான் பார்த்ததைப்போலத் தினமும் பார்ப்பார்கள். இடறும். சிலருக்கு ஏனென்று தெரியும்.

சொன்னால்? மடித்ததை அவர் நிமிர்த்தமாட்டார். படங்களை மட்டும் பார்த்து மேல்பாதியைச் செய்ய ஐந்து கிழமை எடுத்தது எனக்குத் தெரியும். கிரேன் பேசியாகிவிட்டது. நடைபாதையை அந்த ஒரு ஞாயிறு காலைக்கு மட்டும் மூட அனுமதி கிடைத்திருந்தது. சொன்னால் அந்த அழகான பொருள் பின்மூலைக் குவியலுக்குப் போகும். நான் செய்த பிழைக்கு அவர் தண்டனை அனுபவிப்பார்.

வியாழக்கிழமை ஒரு நீண்ட கடிதம் தொலைபேசியில் எழுதி, மன்னிப்பை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்று மாற்றி மாற்றி, அழித்தேன்.

வெள்ளிக்கிழமை ராஜி அக்காவின் சேலைக் கடைக்குப் போனேன். சிற்பம் வரப்போகும் மூலைக்கு எதிர்ப்புறம்தான் கடை.

“அக்கா, தலைப்பை வலத் தோளிலை விட்டால் ஆருக்கும் தெரியவருமே?”

“என்ன பிள்ளை, தோள் நோவோ?”

“இல்லை அக்கா, சும்மா.”

“சும்மா கேக்கிற கேள்வியே இது? என்ரை கடைப் பொம்மைக்குப் புதுசா வந்த பெட்டை ஒருக்கா வலப்பக்கம் போட்டுவிட்டாள். காலமை திறந்து பத்து நிமிசத்திலை மூண்டு சனம் உள்ளுக்கை வந்திட்டுது. சாறி வாங்க இல்லை. பிழை சொல்ல.”

சனிக்கிழமை ஒடீலுக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு தரம் மணி அடித்தது. வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை பச்சைச் சேலையைக் கட்டினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. பட்டறைக்குப் போய், கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, இரும்புச் சேலைக்குப் பக்கத்தில் அதே பக்கம் பார்த்து நின்றேன்.

ஒடீல் என்னைப் பார்த்தார். அதைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

“கண்ணாடி” என்றார்.

“ஆமாம். மன்னிக்க வேண்டும். என்னுடைய பிழை.”

“ஈஸ்ட் ஹாமில் சேலையை எல்லா விதமாகவும் பார்த்திருக்கிறேன். உங்களுடையது வலது என்று நினைத்தேன். நானும் கேட்கவில்லை.” பிறகு கேட்டார். “எப்போது தெரிந்தது?”

பொய் சொல்லியிருக்கலாம். இன்று காலை என்று சொல்லியிருக்கலாம்.

“புதன்கிழமை.”

அவருடைய முகம் அப்போதுதான் மாறியது. “புதன். அன்று பதினொரு நாள் இருந்தது. இன்றைக்கு ஏழு. நாலு நாளை என்ன செய்தீர்கள்?”

“யோசித்தேன்.”

“கண்ணாடி பிழை இல்லை, வாணி. அது யாருக்கும் நடக்கும். அந்த நாலு நாள் என்னுடையது. அதை நீங்கள் வைத்திருந்தீர்கள்.”

அவர் சத்தம் போடவில்லை. எனக்குப் பாடசாலையிலும் வீட்டிலும் கிடைத்த அவ்வளவு ஏச்சையும் சேர்த்தாலும் அந்த ஒரு வசனத்துக்கு ஈடில்லை. அது சரியாகவும் இருந்தது.

“அப்படியே விடலாம். பார்த்தால் மிக அழகு” என்று முனகினேன்.

“அந்த மூலையில் பஸ்ஸுக்கு நிற்பது யார்?”

“பெரும்பாலும் எங்கள் ஆட்கள்.”

“அப்படியானால்?” என்றார். கண் கவசத்தை இறக்கினார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கிரைண்டரை எடுத்து, இரும்புச் சேலையை இடுப்போடு அறுக்கத் தொடங்கினார்.

அழுவார் என்றோ, யோசிப்பார் என்றோ நான் எதிர்பார்த்தேன் போலும். ஐந்து கிழமை வேலை. ஒரு தடவைகூட அதைத் தடவிப் பார்க்கவில்லை. பொறி பறந்து முடிந்ததும், இருவருமாக மேல்பாதியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்மூலையில் வைத்தோம்.

“கீழ்ப்பாதி நேரில் பார்த்துச் செய்தது. அது உண்மை. அது இருக்கட்டும்” என்றார். “நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள்?”

இரண்டு நிறம்

சுதன் கிழமை முழுவதும் ஷிப்டை மாற்றி எடுத்தார். “நீர் போய் நில்லும். பிள்ளையை நான் பாக்கிறன். பின்னேரம் எனக்கு ஒரு பிட்டு மட்டும் போதும்” என்றார். பிட்டு அவிக்க எனக்கு ஒருநாளும் ஏலவில்லை. அவரே அவித்தார்.

நான் கோட் இல்லாமல் நின்றேன். என் கால்மாட்டில் இரண்டு ஹீற்றர் வைத்தார் ஒடீல். அந்தக் கிழமை பார்த்ததை எழுத எனக்குப் போதிய சொல் இல்லை. முதல் நாள் அவர் இரும்பைத் தொடவே இல்லை. என்னை நடக்கச் சொன்னார், குனியச் சொன்னார், தலைப்பை இழுத்துவிடச் சொன்னார். தோளில் துணி எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் ஒரு விரல் இடைவெளி விடுகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடுத்த நாள் ஒரே இழுப்பில் தகட்டில் கோடு கீறினார். அழிக்கவில்லை. வெட்டினார்.

சுத்தியல் அடி பெரிதாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. சின்னச் சின்ன அடி. குழந்தையைத் தட்டி நித்திரையாக்குவதுபோல ஒரே சீராக, மணிக்கணக்கில். வலது மணிக்கட்டில் பட்டி சுற்றியிருந்தார். நோகிறதா என்று கேட்டேன்.

“நோகிறது. கையைக் கொஞ்சம் கீழே விடுங்கள்” என்றார்.

வியாழக்கிழமை தோள் மடிப்பு வந்தது. முதல் தடவை செய்ததைவிட இது தளர்வாக இருந்தது. இதில் நான் இருந்தேன். சொல்லத் தயங்கினேன். பிறகு, தயங்கி என்ன கண்டேன் என்று நினைத்து, உடனே சொன்னேன்.

“முதலாவதைவிட இது நல்லது.”

“தெரியும்” என்றார். அந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சிரித்தார். “முதலாவது கண்ணாடியைப் பார்த்து நின்றவளின் சேலை. தோளை நிமிர்த்தி மூச்சைப் பிடித்திருந்தீர்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவள் அப்படி நிற்பாளா?”

சனிக்கிழமை பின்னேரம் மேல்பாதியைக் கீழ்ப்பாதியோடு பொருத்தினார். அப்போதுதான் நான் அதுவரை யோசிக்காத ஒன்று கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் யோசிக்கிற நான், இதை யோசிக்கவில்லை. கீழ்ப்பாதி கிழமைக்கணக்காய்க் கறள் ஏறிச் செம்மண் நிறம். மேல்பாதி புது இரும்பு, வெளிறிய சாம்பல்.

“இது நாளைக்கு எல்லாருக்கும் தெரியுமே” என்றேன்.

“தெரியட்டும். ஒரு வருட மழையில் சேர்ந்துவிடும். அதுவரை, இது இரண்டு தடவை செய்யப்பட்டது என்று தெரியும். அது பொய் இல்லை.”

நாலு போல்ட்

ஞாயிறு காலை ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மூலையைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். கோயிலுக்குப் போகும் சனம், மரக்கறி வாங்க வந்த சனம், எல்லாம் பையோடு நின்றது. சுதன் ஆதிரையைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். ராஜி அக்கா கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து நின்றார்.

கிரேன் தூக்கியபோது இரும்புச் சேலை ஆகாயத்தில் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. நான் பிள்ளையின் காதைப் பொத்தினேன். சத்தம் எதுவும் இருக்கவில்லை.

“தலை எங்கை?” என்று யாரோ கேட்டார்கள்.

“பஸ் வருதோ எண்டு பாக்கப் போயிட்டுது” என்றார் ராஜி அக்கா. பிறகு என் காதுக்குள், “கீழை ஒரு நிறம், மேலை ஒரு நிறம். ஹாஃப் சாறியோ பிள்ளை?”

ராஜி அக்கா என்ன சொல்கிறார் என்று ஒடீல் கேட்டார். இளம் பெண்கள் பாவாடைக்கு மேலே வேறு நிறத் தாவணி போடுவார்கள், அப்படி இருக்கிறதாம் என்று சொன்னேன். மஞ்சள் தலைக்கவசத்துக்குக் கீழே அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிற்பத்தின் அடித்தட்டு சீமெந்து மேடையில் வந்து இருந்தது. நாலு மூலைக்கும் நாலு போல்ட். தொழிலாளர் இருவர் திருகியோடு குனிந்தார்கள். ஒடீல் கையை உயர்த்தி நிறுத்தினார். கிரேனின் கயிறு இன்னும் விறைப்பாக இருந்தது.

“வாணி, வந்து பாருங்கள். இறுக்கினால் இறுக்கினதுதான்.”

வேலியைத் தாண்டி உள்ளே போனேன். நானும் பச்சைச் சேலையில்தான் நின்றேன். ஒரு சுற்று வந்தேன். இடுப்பு. கொய்யகம். நெஞ்சுக்குக் குறுக்கே போகும் மடிப்பு. முதுகில் விழும் தலைப்பு. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரேன்காரர் கண்ணாடிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு சுற்று வந்தால் நல்லது என்று தோன்றியது. தலைப்பின் நீளம் ஒருவேளை கூடவோ என்றும் தோன்றியது. ஒடீல் என்னை அவசரப்படுத்தவில்லை. உயர்த்திய கையை இறக்கவும் இல்லை. மணிக்கட்டுப் பட்டி சட்டைக் கைக்கு வெளியே தெரிந்தது.

இடது தோள்.

“ஓம்” என்றேன்.

ஆம் என்பதை ஆங்கிலத்தில் இல்லாமல் தமிழில் சொன்னேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் கையை இறக்கினார். ஒவ்வொன்றாக நாலு போல்டும் இறுகின.